கன்னையன் பூசிய வெள்ளிப் பூச்சு

ஏலக்காய் பதமாகக் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வார் உண்டு. நகத்தால் கீறிச் சொல்வார் உண்டு. கன்னையன் காதால் சொன்னவர். போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஓர் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில், முப்பத்திரண்டு ஆண்டுகள் அடுப்பையும் அனலையும் காத்து நின்றவர். ஒரு கைப்பிடிக் காயை அள்ளி வலக்காதின் அருகே கொண்டுபோய் மூன்று முறை குலுக்குவார். தோலுக்குள் விதை புரளும் ஓசை ஒன்றே அவருக்குப் போதும். "இன்னும் ரெண்டு மணி நேரம்" என்பார், அல்லது "எறக்கு" என்பார். அந்தச் சொல் பொய்த்ததாக மலையில் ஒருவரும் சொன்னதில்லை.

ராசிங்காபுரத்தில் சோளமும் கடலையும் விளைத்த குடியில் மூன்றாம் மகனாகப் பிறந்தவர். பங்கு பிரித்தபோது கிணறில்லாத துண்டு நிலம் அவருக்கு வாய்த்தது. அதை அண்ணனிடமே விட்டுவிட்டு இருபத்தாறாம் வயதில் மலையேறினார். பின்னர்ப் போடியில் மனைவி ராமுத்தாயோடு சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டார். ஒரே மகள் மணமாகி மதுரையில் இருக்கிறாள். விடியலில் நீராடி, நீறு பூசி, பூசை அறையில் விளக்கேற்றிப் பதிகம் ஓதாமல் அவர் வாயில் தண்ணீர் படாது. முழங்கால் வலியால் ஜீப்பின் பின்படியில் ஏற முடியாமல் போன பிறகு, வெள்ளி நிறத்தில் பழைய சிறு கார் ஒன்றை வாங்கினார். சென்ற பங்குனியோடு வேலையிலிருந்து ஓய்ந்தார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தவறாத அந்தக் காது, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரைக் கைவிட்டது.

எஸ்டேட்டில் புதிய உலர்த்தி ஒன்று வந்திருந்தது. பழைய கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லுமாறு அழைத்திருந்தார்கள். போனார், பார்த்தார், மதியம் உண்டார், மூன்று மணிக்குக் காரில் இறங்கினார். மேற்கிலிருந்து சாரல் மலையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் வளைவை நெருங்கும்போது, வண்டியின் முன்மூக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மஞ்சு, அந்த மலையின் மூடுபனி, இறங்கியிருந்தது. நடந்துபோகிறவன் வேகத்தில்தான் உருட்டினார். அப்போது இடப்பக்கம் முன்னே எதுவோ மோதியது.

அந்தச் சத்தம் பாறையில் உரசிய சத்தமன்று, பாறையென்றால் கரகரக்கும். இரும்பில் இடித்ததுமன்று, இரும்பு அதிர்ந்து ஒலிக்கும். உயிருள்ள உடலில் பட்டதா என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சினார். எண்ணியபோது அதுவும் முழுதும் பொருந்தவில்லை. மெத்தென்று தொடங்கி உள்ளே எங்கோ கெட்டியாக முடிந்த ஓசை அது. அதன் பின்னால் ஏதோ விழுந்து உருண்டது.

வண்டியை நிறுத்தி இறங்கினார். மஞ்சுக்குள் நான்கடி நடந்தார். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கூவினார். விடை இல்லை. மூன்று முறை கூவியதாக அவருக்கு நினைவு. அதற்குள் மேலே பஸ்ஸின் ஒலிப்பான் அலறியது. வளைவின் நடுவில் வண்டியை நிறுத்திவைத்தால் பஸ் வந்து ஏறிவிடும். ஏறி ஓட்டிவந்துவிட்டார். அடிவாரத்தில் முந்தல் சோதனைச் சாவடியில் நின்ற காவலரிடம் சொல்ல வாயெடுத்தார். மழையில் நனைந்துகொண்டிருந்த அவரோ, போ போ என்று கையசைத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே முழ நீளத்துக்குத் தகரம் உள்வாங்கிக் கிடந்தது. வண்ணம் பெயர்ந்திருந்தது. மடிந்த விளிம்பில் நீல நிறத்தில் நாலைந்து பிளாஸ்டிக் இழைகள் சிக்கியிருந்தன. கன்னையன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எஸ்டேட்டில் காயெடுக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்வது நீலப் படுதாவைத்தான்.

"என்னங்க இது, இம்புட்டுப் பள்ளம்?" என்றாள் ராமுத்தாய்.

"பாறையில ஒரசிருச்சு."

"பாறை என்ன ஒங்க மேல வந்து விழுந்துச்சா? பாத்து வரக் கூடாது?"

ஞாயிறன்று இரண்டு செய்தித்தாள்களை வரி விடாமல் படித்தார். மலைச்சாலையில் விபத்து என்று ஒன்றும் இல்லை. அதனால் நிம்மதி வரவில்லை. இறந்தவரைத்தான் செய்தித்தாள் எழுதும், காலொடிந்து கிடப்பவரை எழுதுமா? போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்து பஸ் ஏறினார். முந்தலில், வயிற்றைப் புரட்டுகிறது என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பும் பஸ்ஸைப் பிடித்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார், கிளம்பவில்லை. ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு வந்தவன் தானா, அல்லது ஒன்றுமில்லாததற்கு அஞ்சி நடுங்குகிறவன் தானா என்பது அவருக்கே விளங்கவில்லை.

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனால் எங்கே இடித்தது, எப்படி இடித்தது என்று கேட்பார்கள். ஆகவே அந்தப் பள்ளத்தைத் தாமே சரிசெய்துவிடத் துணிந்தார். கடைத்தெருவில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் சீனிச்சாமி அவருக்குத் தூரத்துப் பழக்கம்.

"ஸ்பிரே டப்பாவுல அடிச்சிரலாம்ணே. பள்ளத்த வெளிய தட்டுங்க, பட்டி வையுங்க, தேயுங்க, பிரைமர் அடிங்க, அப்பறம் கலரு, அதுக்கு மேல கிளியரு. ஒரு சோலியும் இல்ல" என்றான் அவன். வண்டியின் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த வண்ண எண்ணைப் பார்த்து, அதே வெள்ளியில் மூன்று டப்பாக்களை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே வேலை தொடங்கிற்று. சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருந்து மரக்கட்டையை வைத்துச் சிறுகச் சிறுகத் தட்டினார். தகரம் முனகிக்கொண்டே பழைய வடிவுக்கு வந்தது; முழுதும் வரவில்லை. எஞ்சிய குழியில் இளமஞ்சள் நிறப் பட்டியைக் கரண்டியால் தடவி நிரப்பினார். அது இறுகியதும் எமரித் தாளால் தேய்த்தார்; முதலில் சொரசொரத்த தாள், பிறகு நயமான தாள், கடைசியில் தண்ணீர் தொட்டுக்கொண்டு இன்னும் நயமான தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எங்கே பள்ளம் முடிகிறது, எங்கே பழைய தகரம் தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாத வரை தேய்த்தார். ஈரநாட்களில் அனலைக் காத்த பொறுமை அந்தக் கைகளில் இன்னும் இருந்தது. சாம்பல் நிறப் பிரைமர் அடித்து ஒரு நாள் காயவிட்டார். ஆடிக்காற்று புழுதியை வாரி வீசியதால் மூன்று பக்கமும் பழைய வேட்டிகளைக் கட்டித் திரையிட்டார். கண்ணாடி, விளக்கு, சக்கரம் எல்லாவற்றையும் செய்தித்தாளால் மூடி ஒட்டினார்.

வண்ணம் அடிக்கும் நாள் காலையில் நீராடிவிட்டு வந்தார். டப்பாவைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே வண்ணத்தைக் கலக்கும் இரும்புக் குண்டு சடசடத்தது. பூசுகிற இடம் பழுதின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சீனிச்சாமி சொல்லியிருந்தான். சமையலறைத் துணியா? கூடாது. துவைத்த துண்டா? மற்றத் துணிகளோடு சேர்ந்து ஊறியது. வீட்டிலேயே எது தூயது என்று சிந்தித்து, பூசை அறைக்குப் போய், குத்துவிளக்கு துடைக்கும் வெள்ளைத் துணியை எடுத்துவந்தார். அது வேறு துணியோடு சேராமல் தனியே அலசித் தனிக்கொடியில் உலரும் துணி. தீட்டுப் பட்ட கை அதைத் தொட்டதில்லை. அதனால் பிரைமரின் மேல் மூன்று முறை துடைத்தார். பிறகு டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாகப் பூசினார்.

வெள்ளி நிறம் பரவியது. அவர் மனம் குளிர்வதற்குள் அந்தப் பரப்பில் ஓரிடத்தில் வண்ணம் விலகிற்று. வட்டமாக, உளுந்தளவு. அதன் நடுவே சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பலவாகப் பூத்தன. ஒவ்வொன்றும் விளிம்பு தடித்த ஒரு கண்ணைப்போல இருந்தது.

காயவிட்டுத் தேய்த்தெடுத்தார். மறுபடியும் அதே துணியால், முன்னிலும் அழுத்தித் துடைத்து, மறுபடியும் பூசினார். கண்கள் மறுபடியும் திறந்தன; இம்முறை இன்னும் மிகுதி. மூன்றாம் நாள் வண்டியின் முன் நின்று இன்னொரு முறை பதிகம் ஓதிவிட்டுப் பூசினார். அன்றும் அப்படியே.

ராமுத்தாய் அருகில் வந்து குனிந்து பார்த்தாள். "ஏங்க, அம்மை போட்ட மாதிரில்ல இருக்கு!"

"வண்டிக்கு அம்மையா? போ அங்கிட்டு."

"ஆடி மாசம். ஆத்தா எதுல வேணாலும் வருவா." உள்ளே போனவள் வேப்பிலைக் கொத்தொன்றைக் கொண்டுவந்து முன்கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டு, கையோடு மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துவந்தாள். "தெளிக்கவா?"

"தெளிச்சிராத தாயி! பிரைமர் கெட்டுப்போகும்" என்று சொம்பைப் பிடித்துக்கொண்டார் கன்னையன். பிடித்த சொம்பை அவர் விடாமலே நிற்பதை அவள் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மஞ்சு, சத்தம், நீல இழை, மூன்று முறை கூவியது, முந்தலில் இறங்கித் திரும்பியது என அனைத்தையும் சொல்லி முடித்தார்.

"மூடவிட மாட்டேங்குது, ராமுத்தாயி. நான் மூட மூட அது கண்ணத் தொறக்குது. அங்க யாரோ கெடக்காகன்னு சாமி சொல்லுது."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "சாமி சொல்றது இருக்கட்டும். போய்ப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. இதுக்குப் போயி பத்து நாளா வண்டியத் தேச்சுக்கிட்டுக் கெடக்கீகளே!"

அது நேரான சொல்தான். ஆனால் கன்னையன் மலைக்குப் போகாமல் சீனிச்சாமியின் கடைக்குப் போனார். வண்ணம் ஏன் நிற்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி எடுத்துவைக்க அவரால் இயலவில்லை.

கன்னையன் செல்போனில் எடுத்துவந்த படத்தைப் பார்த்தவுடன் சீனிச்சாமி சொன்னான். "எண்ணெய்ண்ணே. எண்ணெய் பட்ட எடத்துல பெயிண்டு ஒட்டாது, இப்படித்தான் குழி விழும். எதால தொடச்சீக?"

"எண்ணெயா? வாய்ப்பே இல்ல. வீட்லயே சுத்தமான துணி அது. சாமி வெளக்குத் தொடைக்கிற துணி."

சீனிச்சாமி ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெளக்குல என்னண்ணே ஊத்துவீக? பன்னீரா?"

அந்தத் துணி எத்தனை வெள்ளிக்கிழமைகளின் நல்லெண்ணெயைக் குடித்திருக்கும் என்பது அப்போதுதான் கன்னையனுக்கு உறைத்தது. பூசை அறைக்குத் தூயது வண்ணத்துக்கு அழுக்கு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பின்தான் உண்மையான குழப்பம் தொடங்கியது. கண்கள் எண்ணெய்ப் பிசுக்கு என்றால், அவை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லையென்றால், வளைவில் ஒருவரும் கிடக்கவில்லை என்று கொள்ளலாமா? அப்படியும் கொள்ள முடியவில்லை. இதுவரை போகச் சொல்லி ஒன்று தம்மைத் தள்ளுவதாக எண்ணியிருந்தார். இப்போது தள்ளுவதற்கும் எதுவும் இல்லை, தடுப்பதற்கும் எதுவும் இல்லை.

பிசுக்கை எடுக்கச் சீனிச்சாமி கொடுத்த தின்னரைப் புதுப் பருத்தித் துணியில் நனைத்துத் துடைத்து, ஒரு நாள் விட்டு, மீண்டும் பூசினார். வண்ணம் பாலாடைபோல் படிந்தது. மெல்லிதாக மூன்று பூச்சு. அதன்மேல் பளபளப்புக்காக நிறமற்ற கிளியர் இரண்டு பூச்சு. தாள்களை உரித்தபோது பழைய தகரமும் புதிய பூச்சும் எங்கே கூடுகின்றன என்பதை அவர் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வழியே வந்த சீனிச்சாமி வண்டியைச் சுற்றிவந்து, "பட்டறைக்காரன் தோத்தான் போங்க. இனிமே யாருக்கு என்ன தெரியப்போகுது?" என்றான்.

கன்னையன் தலையசைத்தார். அன்று உண்ணவில்லை. மறுநாள் காலை பதிகம் ஓத அமர்ந்தவருக்கு, நாற்பதாண்டுகள் ஓதிய அடிகளில் இரண்டாம் அடி மறந்துபோயிற்று. எழுந்து வந்து கார்ச் சாவியை எடுத்தார்.

"நானும் வர்றேன்" என்று ராமுத்தாய் செருப்பை மாட்டினாள்.

பதினொன்றாம் வளைவில் அன்று மஞ்சு மெல்லிதாகத்தான் இருந்தது. மலைச்சரிவின் ஓரத்தில், நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, மேலே நீலப் படுதா கட்டிய டீக்கடை ஒன்று நின்றது. வைகாசிக்குப் பின் முளைத்த கடை. வேலையை விட்ட பிறகு அந்த வழியே அடிக்கடி வராத, அந்தச் சனிக்கிழமை காலையிலும் மஞ்சுக்குள்ளேயே ஏறிப்போன கன்னையன் அதை அறிந்ததில்லை. சாலைப்பக்கக் குழாய் ஒன்று இடுப்பளவில் வளைந்திருந்தது. கடைக்காரி கவிழ்த்த பெட்டியின்மேல் அமர்ந்திருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும், அவளுடைய இடக்காலில் பாதம் முதல் கெண்டைச்சதை வரை கட்டுப் போட்டிருந்தது. எதிரே எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. அதன் டிரைவர் வீரையாவைக் கன்னையன் நன்கு அறிவார். பல ஆண்டுகள் அவன் ஜீப்பில் ஏறி இறங்கியவர்.

"ஈஸ்வரி, நூறு தடவ சொல்லிட்டேன், நான் இடிக்கல" என்று வீரையா கையை விரித்துக்கொண்டிருந்தான். "ஊரு பூரா என்னையச் சொல்லி வச்சிருக்க. நேத்து ஒரு அம்மா என் ஜீப்புல ஏற மாட்டேன்னுட்டு பஸ்சுக்கு நிக்கிது."

"உங்க ஜீப்புலதான் முன்னாடி நசுங்கியிருக்கு, கேட்டோ. இடிச்சது வெள்ளையா, வெள்ளியா, ஏதோ தெரிஞ்சுது. அந்த நேரத்துக்கு எறங்குன வண்டி வேற எது?" என்றாள் அவள், மலையாளம் கலந்த பேச்சில்.

"அந்த நசுங்கல் போன வருசத்துது! அதுக்கும் வயசு கேக்கச் சொல்றியா?"

கன்னையன் முன்னே போய் நின்றார். எத்தனையோ முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "அது என் வண்டி ஆத்தா. நான்தான் இடிச்சேன்" என்றார்.

ஈஸ்வரி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள். நொண்டிக்கொண்டே எழுந்துபோய் அதன் இடப்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளி நிறம் கண்ணாடிபோல அவள் முகத்தைக் காட்டியது.

"இந்த வண்டியா? இதுல ஒரு கீறல்கூட இல்லியே." திரும்பி வீரையாவை முறைத்தாள். "எந்தா அண்ணே இது? ஆள் பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்துறீங்களா?"

வீரையா திகைத்துப்போனான். "நான் எங்க கொண்டாந்தேன்? ஸ்டோரு அண்ணே, என் மேல பாசம் இருக்கலாம். அதுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறதா? வேணாம்ணே."

"பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான்ப்பா இடிச்சேன். பள்ளத்தத் தட்டி, பட்டி வச்சு, பெயிண்டு அடிச்சிருக்கேன்."

"எந்தப் பட்டறையில?"

"வீட்லயே."

வீரையா காரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வீட்ல அடிச்ச வேலையா இது? அண்ணே, காய் காயவைக்கிற ஆளு நீங்க!"

"நான் பாத்தேன்" என்றாள் ராமுத்தாய். "முழ நீளத்துக்குப் பள்ளம்."

"நீங்க அவரு வீட்டுக்காரிதானே? வேற எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள் ஈஸ்வரி.

"நீல எழை நாலஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு ஆத்தா, ஒன் படுதாவுல கிழிஞ்சது."

"நீலப் படுதா மலை பூரா இருக்கு பெரியவரே."

அடித்தவன் நான் என்று சொல்லியும் நம்பாதவர்களிடம் என்ன செய்வது என்று கன்னையனுக்குத் தெரியவில்லை. தவற்றை மறைக்கத்தான் அவ்வளவு நாள் பாடுபட்டார். அது முழுதும் மறைந்தும்விட்டது. வீரையா தலையில் விழுந்திருக்கும் பழியை நீக்குவதற்குக்கூட அதில் ஒரு தழும்பு எஞ்சவில்லை. பிறகு சாலையோரத்தில் கூர்மையான சல்லிக்கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

"ஏங்க!" என்று ராமுத்தாய் கத்தினாள்.

அவர் குனிந்து, தாம் பூசிய இடத்தின் நடுவே அந்தக் கல்லை வைத்து அழுத்திக் கீறினார். முதலில் கிளியர் செதிளாய்ப் பெயர்ந்தது. பின் வெள்ளி வந்தது. அதற்கடியில் சாம்பல் நிறம். இன்னும் அழுத்தினார். இளமஞ்சள் பட்டி பொடியாக உதிர்ந்து அவர் மணிக்கட்டின்மேல் படிந்தது. குழாய் பட்ட கோட்டின் வழியே, மேலிருந்து கீழாக, முழ நீளத்துக்கும் கீறி முடித்துவிட்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கிற்று.

ஈஸ்வரி நொண்டியபடி வந்து அந்தக் கீறலைத் தொட்டாள். வளைந்த குழாயின் உயரத்தைக் கையால் அளந்தாள். அதே கையைக் காரின் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய விரல்கள் கீறலின் நடுவில் நின்றன.

"அன்னைக்கு எறங்கிக் கூப்பிட்டது நீங்களா?"

"கூப்பிட்டேன். மூணு தடவ."

"நாலு தடவ. கடைசியில சாமிய." அவள் குரல் தணிந்தது. "அப்ப உள்ளதான் இருந்தேன். படுதா தண்ணி கோத்துத் தொங்குச்சு, குழாயைச் சுத்திக் கட்டியிருந்தேன். வண்டி இடிச்சதும் அடுப்பு மேல இருந்த கெட்டில் கவுந்து கால்ல ஊத்திருச்சு."

நனைந்த படுதா சுற்றிய இரும்புக் குழாய். மெத்தென்று தொடங்கிக் கெட்டியாக முடிந்த ஓசை அதுதான். அதன் பின்னால் விழுந்து உருண்டது கெட்டில். தெரிந்துகொண்டதில் கன்னையனுக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

"உள்ள இருந்தியா? பெறகு ஏன் ஆத்தா கொரல் கொடுக்கல?"

"எப்படிக் கொடுப்பேன்? முந்துன நாள்தான் நாலு பேரு வந்து, கடைய எடுக்கலைன்னா இடிச்சுத் தள்ளிருவோம்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆளுங்க தெரியாது. கடை இடிபடுது, ஒரு ஆம்பள எறங்கி வந்து யாராச்சும் இருக்கீகளான்னு கேக்குறாரு. இருக்கேன்னு சொன்னா என்னாகும்னு எனக்குத் தெரியுமா? பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் யோசிச்சா, இடிக்க வந்தவன் எதுக்கு முருகான்னு சொல்லுவான்? ஜீப்புல வந்த ஆள் யாரோ எறங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"பாத்தியா, பாத்தியா!" என்று வீரையா துள்ளினான். "பத்துப் பேரு உக்காந்திருந்தாக என் ஜீப்புல. ஒருத்தர் எறங்கல! நாளைக்குக் காலையில அந்தப் பத்துப் பேரு முன்னாடி வந்து நீ இதச் சொல்லணும்."

"சொல்றேன் அண்ணே. சொல்றேன்."

கன்னையன் உதவி செய்யத்தான் கூவினார். அவளோ அதைக் கேட்டு அஞ்சி ஒளிந்தாள். நான்கடித் தொலைவில் இருந்தவள், காலில் வெந்நீர் வழிய, அவர் போகட்டும் என்று காத்திருந்தாள். இதில் தம் குற்றம் எவ்வளவு, மஞ்சின் குற்றம் எவ்வளவு என்று கன்னையன் மனத்துக்குள் பகுக்க முயன்றார், பகுபடவில்லை. கைகூப்பியபடி, "நான் என்ன செய்யணும், சொல்லு ஆத்தா" என்றார்.

ஈஸ்வரி நொண்டிப்போய்ப் பெட்டியின்மேல் மீண்டும் அமர்ந்தாள். "தெரியலியே. இடிச்சவன் கெடச்சா என்னென்ன கேக்கணும்னு தெனமும் நெனச்சு வச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது." பிறகு தன் காலைப் பார்த்தாள். "இன்னைக்குக் கட்டு மாத்தற நாள். போடி ஆஸ்பத்திரிக்கு எறங்கணும். பஸ்சுல இந்தக் காலோட நிக்க முடியல."

"ஏறு. மொதல்ல ஏறு" என்று ராமுத்தாய் முன்கதவைத் திறந்துவிட்டு, தான் பின்னால் போய் அமர்ந்தாள்.

"கடை?"

"நான் பாத்துக்கிறேன்" என்றான் வீரையா. "டீ போடத் தெரியாது. யாரும் கேட்டா, கடைக்காரி வர்ற வரைக்கும் தண்ணி குடிங்கன்னு சொல்றேன். வெரசா வந்திருங்க."

கார் இறங்கத் தொடங்கிற்று. கட்டுப் போட்ட காலை நீட்டி வைக்க இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்திருந்தார். இரண்டு வளைவுகள் கடந்தன. பிறகு கன்னையன் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு நான் ஆரன் அடிச்சேனா ஆத்தா? ஒனக்குக் கேட்டுச்சா? எவ்வளவோ நெனச்சுப் பாக்குறேன், எனக்குப் பிடிபடல."

ஈஸ்வரி யோசித்தாள். "அடிச்ச மாதிரியும் இருக்கு, அடிக்காத மாதிரியும் இருக்கு. சத்தியமாத் தெரியல பெரியவரே."

அடுத்த வளைவில் மஞ்சு மறுபடியும் சாலையின்மேல் கிடந்தது. கன்னையன் ஒலிப்பானை நீளமாக அழுத்தினார். கீழேயிருந்து இன்னொரு வண்டி அதற்கு விடை கொடுத்தது. அது பஸ்ஸா, லாரியா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஓசையைக் கொண்டு அவரால் சொல்ல முடியவில்லை. வண்டியைச் சரிவோரமாக ஒதுக்கி நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, வருவது வரட்டும் என்று காத்திருந்தார்.